வெளியேற்றத்தின்போது வயிற்றில் இருந்தவர்கள்

1990 ஒக்டோபரில் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேர். யாழ்ப்பாணத்தாருக்கு 30ஆம் திகதி கிடைத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். மன்னார்த் தீவார் வள்ளங்களில் ஏறிக் கற்பிட்டியில் வந்திறங்கினர். இழந்த வீடு, காணி, நகை, கடை பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். வயிற்றுப் பிள்ளையோடு வந்தவர்களைப் பற்றிப் பேசியது குறைவு.

ஒரு கணக்குப் பார்ப்போம். அக்காலத்தில் இலங்கையில் ஆயிரம் பேருக்கு ஆண்டொன்றுக்குச் சுமார் 20 பிறப்புகள். அவ்வீதப்படி 75,000 பேரிடையே ஆண்டுக்கு 1,500 பிறப்புகள். ஆகவே அந்த ஒக்டோபரில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பெண்கள் பிள்ளைத்தாச்சிகளாக இருந்திருப்பர். நாற்பது கழியாத பச்சை உடம்புக்காரிகள் நூற்றைம்பது பேரளவில் இருந்திருப்பர். மதிப்பீடுதான், ஆயினும் சிறிய தொகையல்ல.

பேறுகாலத்துக்கென்று நம் வீடுகளில் ஓர் ஒழுங்கு உண்டு. உம்மா பக்கத்தில் இருப்பார். சரக்கு அரைத்துக் கொடுப்பார்கள். நாற்பது நாளும் பாரமான வேலை இல்லை. "புள்ளத்தாச்சியப் பயப்படுத்தாதீங்க" என்று மூத்தம்மாமார் அதட்டுவார்கள். அந்த ஒழுங்கு சில நாட்களில் குலைந்தது. மாரி மழை, கிடுகுக் கொட்டில், பங்கீட்டு வரிசை: புத்தளத்தில் பலருடைய பேறுகாலம் இப்படித்தான் கழிந்தது.

ஏறக்குறைய அதே ஆண்டுகளில், இங்கிலாந்தின் பிரிஸ்டல் பகுதியில் சுமார் 14,000 கர்ப்பிணிகளை ஓர் ஆய்வில் சேர்த்து, அவர்களுடைய மனநிலையையும் கேட்டுப் பதிந்தார்கள். பிள்ளைகளையும் தொடர்ந்து கவனித்தார்கள். 2002இல் தொமஸ் ஓ'கொன்னர், விவெட் குளோவர் முதலியோர் முடிவை வெளியிட்டனர். கர்ப்பத்தின் பிற்பகுதியில் கடும் பதகளிப்போடு இருந்த தாய்மாரின் பிள்ளைகளிடம், நான்கு வயதில் மனவெழுச்சி, நடத்தைச் சிக்கல்கள் ஏறத்தாழ இரு மடங்காகக் காணப்பட்டன. பேற்றுக்குப் பின்னரான தாயின் மனநிலையைக் கழித்துப் பார்த்தும் இத்தொடர்பு நின்றது. தாயின் உடலில் சுரக்கும் கோர்ட்டிசோலைப் பெருமளவு தடுப்பது நஞ்சுக்கொடி. நீடித்த பயத்தில் அந்தத் தடுப்புத் தளரக்கூடும் என்பது ஆய்வாளர் தரும் விளக்கங்களில் ஒன்று.

இதைத் தாயின் மேல் பழி போடுவதற்கு எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த ஆய்விலேயே பெரும்பாலான பிள்ளைகளுக்குச் சிக்கல் எதுவும் இருக்கவில்லை. பயம் அவள் தேடிக்கொண்டதல்ல; துப்பாக்கியோடு வீட்டு வாசலுக்கு வந்தது. பக்கத்தில் ஆதரவாக ஒரு மனுசி இருந்தாலே தாயின் பாரம் குறையும். மூத்தம்மாமாரின் அதட்டலில் இருந்த அறிவு அதுதான்.

அன்று வயிற்றில் இருந்தவர்கள் இன்று முப்பது வயதைக் கடந்துவிட்டார்கள். இரவில் கதவு தட்டப்பட்டால் காரணம் தெரியாமல் நெஞ்சு படபடக்கிறவர்கள் அவர்களுள் எத்தனை பேர்? பிரிஸ்டலில் வைத்ததைப் போன்ற பதிவேடு நம்மிடம் இல்லை. ஆனால் உம்மாமார் இருக்கிறார்கள். வரும்போது எத்தனை மாசம், எங்கே பெற்றீர்கள், யார் கூட இருந்தது என்று உட்கார்ந்து கேட்போம். கேட்டதை எழுதி வைப்போம். வெளியேற்றத்தின் வரலாற்றில் அந்தப் பக்கம் இன்னும் வெறுமையாகக் கிடக்கிறது.