பூச்சி மாறவில்லை, கூட்டம் மாறியது!



மலர்க்குழுவினர் "ஏதாவது எழுதிக் கொடுங்க" என்றதும், இங்கே இயற்பியல் படித்துப் பின்னர் பொறியாளனான எனக்கு, விடுதி மொட்டை மாடியில் விலங்கியல் நண்பனோடு போட்ட சண்டைதான் ஞாபகம் வந்தது. "மரம் கறுத்துச்சு, பூச்சியும் கறுப்பா மாறிக்கிச்சு. இதானே பரிணாமம்?" என்றேன். "எந்தப் பூச்சியும் மாறலைடா. எண்ணிப் பாரு, புரியும்" என்றான். புரியப் பல வருஷம் ஆயிற்று.

கதை நடந்தது இங்கிலாந்தில். வெள்ளை இறகில் மிளகுத்தூள் தூவினாற்போன்ற அந்துப்பூச்சி அங்கே உண்டு. வெளிறிய மரப்பட்டையில் உட்கார்ந்தால் பறவைக்குத் தெரியாது. 1848-இல் மான்செஸ்டரில் ஒரு கறுப்புப் பூச்சி கிடைத்தது, அபூர்வம். ஆலைப்புகை மரங்களில் கரியாய்ப் படிந்தது. 1895-இல் அங்கே நூற்றுக்கு 98 கறுப்பு!

நடந்தது என்ன? சில பூச்சிகள் பிறவியிலேயே கறுப்பு. மரபணுவில் புகுந்த ஒரு துண்டுதான் காரணம் என்று 2016-இல் கண்டுபிடித்தார்கள். கரி படிந்த மரத்தில் வெள்ளை பளிச்சென்று தெரியும், பறவை கொத்திவிடும். கறுப்பு தப்பி முட்டையிடும். நிறம் வாரிசுக்கும் போகும். தனிப்பூச்சி மாறவில்லை, கூட்டத்தில் விகிதம் மாறியது.

இதைக் கணக்காக்கியவர் ஜே.பி.எஸ். ஹால்டேன். வெள்ளைக்கு 2 வாரிசு தங்கினால் கறுப்புக்கு 3 தங்கியிருக்க வேண்டும் என்று 1924-இல் காட்டினார். வருஷத்துக்கு ஒரு தலைமுறை. ஐம்பது வருஷத்தில் சிறுபான்மை பெரும்பான்மையாகிவிடும். கூட்டுவட்டி போலத்தான்! இவர் 1957-இல் கல்கத்தா வந்து, 1964-இல் புவனேஸ்வரில் மறைந்தார்.

1953-இல் கெட்டில்வெல், பர்மிங்ஹாம் அருகே அடையாளமிட்ட பூச்சிகளை விட்டுத் திரும்பப் பிடித்தார். கறுப்பில் 27.5 சதம் கிடைத்தது, வெள்ளையில் 13 சதம்தான். 1955-இல் புகையில்லாத டார்செட் காட்டில் செய்தபோது முடிவு தலைகீழ்!

ஆனால், "பூச்சிகள் இயல்பாகத் தங்காத அடிமரத்தில் வைத்துச் சோதித்தார்" என்று பின்னாளில் ஆட்சேபம் கிளம்பியது. கொள்கையே பொய் என்றும் சிலர் பேசினார்கள். மைக்கேல் மஜேரஸ் வாதம் பண்ணவில்லை. கேம்பிரிட்ஜில் 2001 முதல் 2007 வரை, 4,864 பூச்சிகளை அவை இயல்பாகத் தங்கும் இடங்களிலேயே வைத்துக் கவனித்தார். 1956-இன் தூய காற்றுச் சட்டத்துக்குப்பின் மரங்கள் வெளுத்திருந்தன. இப்போது பறவைக்கு அதிகம் இரையானது கறுப்பு! 2009-இல் அவர் காலமானார். சக விஞ்ஞானிகள் 2012-இல் முடிவை வெளியிட்டார்கள்.

மாணவத் தம்பி தங்கைகளே, மருந்துக்கு அடங்காத கிருமியும் இதே கணக்குதான். கிருமி "பழகிக்கொள்வதில்லை", அடங்குபவை சாக, பிறவியில் அடங்காதவை பெருகுகின்றன. சந்தேகம் வந்தால் சண்டை வேண்டாம், எண்ணிப் பாருங்கள்.

விலங்கியல் நண்பா, நீ சொன்னதே சரி. இந்தச் சந்திப்பில் காபி என் செலவு!