கற்பிக்காததையும் தந்த ஆசிரியர்

நல்லாசிரியர்க்கு வேண்டிய பண்புகள் யாவை என்று வினவினால், தமிழ் கற்றோர் உடனே நன்னூலின் பொதுப்பாயிரத்தை நினைவு கூர்வர். நிலத்தையும் மலையையும் துலாக்கோலையும் மலரையும் உவமையாகக் காட்டிப் பவணந்தி முனிவர் வகுத்த அவ்விலக்கணம், தேர்வுக்கு மனப்பாடம் செய்யும் பகுதியாகவே பலரிடத்தும் நின்றுவிடுகின்றது. அவ்விலக்கணத்திற்கு இலக்கியமாக வாழ்ந்தவர் யார், அவர்முன் அமர்ந்து கற்ற மாணாக்கர் என்ன ஆயினர் என்று வரலாற்றை நோக்கி நாம் வினவுவது குறைவு.

அவ்வாறு வினவுவோர்க்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ் வரலாறு ஓர் ஆசிரியரையும் ஒரு மாணாக்கரையும் காட்டுகின்றது. ஆசிரியர், திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815-1876). மாணாக்கர், டாக்டர் உ.வே. சாமிநாதையர் (1855-1942). இவ்விருவரும் ஆசிரியரும் மாணாக்கருமாய் இருந்த காலம் ஏறத்தாழ ஐந்தாண்டுகளே. அவ்வைந்தாண்டுகளின் பயனைத் தமிழுலகம் இன்றும் துய்த்து வருகின்றது.

இங்கே நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. சீவக சிந்தாமணியையும் பத்துப்பாட்டையும் சிலப்பதிகாரத்தையும் புறநானூற்றையும் மணிமேகலையையும் ஆராய்ந்து பதிப்பித்தவர் மாணாக்கர். ஆனால், அவை ஆசிரியர் அவருக்குப் பாடம் சொன்ன நூல்கள் அல்ல. பிள்ளையவர்கள் சொல்லிக் கொடுத்தவை பெரும்பாலும் அந்தாதிகளும் பிள்ளைத்தமிழ் நூல்களும் கோவைகளும் புராணங்களுமே ஆகும். அங்ஙனமாயின், மாணாக்கரின் பெரும்பணியில் ஆசிரியர்க்குரிய பங்கு யாது? தாம் கற்பிக்காததையும் ஓர் ஆசிரியர் தம் மாணாக்கர்க்குத் தர இயலுமா? இவ்வினாவுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கற்றவர் பட்ட பாடு

மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் தந்தையார் சிதம்பரம் பிள்ளையும் தமிழாசிரியரே. தொடக்கக் கல்வி தந்தையாரிடமே கிட்டியது. ஆனால், மகன் இளைஞராக இருந்தபோதே தந்தையார் மறைந்தார். அதன்பின் நூல்களையும் அவற்றைச் சொல்ல வல்லாரையும் தேடித் தேடிக் கற்க வேண்டியவரானார். அக்காலத்தில் நூல்களில் பெரும்பாலன ஓலைச் சுவடிகளிலேயே இருந்தன. சுவடி வைத்திருந்தோர் எல்லாரும் அதனைப் பிறர்க்குக் கொடுக்க முன்வந்தவர் அல்லர். பொருள் தெரிந்தோர் எல்லாரும் சொல்லிக் கொடுக்க விரும்பியவரும் அல்லர்.

திரிசிரபுரத்து வீதிகளில் பிச்சை ஏற்று வாழ்ந்த பரதேசி ஒருவர் தண்டியலங்காரம் கற்றவர் என்று அறிந்த பிள்ளையவர்கள், அவர் சென்ற இடமெல்லாம் உடன் சென்று, வேண்டிய பணிவிடைகளைச் செய்து, அந்நூலைக் கேட்டறிந்தார் என்பது அவர் வரலாற்றில் காணும் செய்தி. கற்பிப்பவர் பிச்சை ஏற்பவராயினும் அவர்பின் செல்லக் கற்கும் வேட்கை நாணவில்லை.

இத்தகைய துன்பத்திலிருந்து இருவகை ஆசிரியர் தோன்றுவதுண்டு. நான் பட்ட பாட்டை நீயும் படு என்பவர் ஒருவகையினர். நான் பட்ட பாட்டை நீ படாதே என்பவர் மற்றொரு வகையினர். பிள்ளையவர்கள் இரண்டாம் வகையினர். தம்மை நாடி வந்தவர்க்கு மறைக்காமல் பாடம் சொல்வதையே வாழ்நாள் நோன்பாகக் கொண்டார். ஊக்கம் தரும் ஆசிரியரின் முதற் பண்பு இதுவே எனலாம்: தாம் மாணாக்கராக இருந்த நாளை மறவாமை.

மாயூரத்துத் தோட்டம்

1871ஆம் ஆண்டு. இசைவாணரான வேங்கடசுப்பையர் தம் மகனை அழைத்துக்கொண்டு மாயூரத்தில் இருந்த பிள்ளையவர்களிடம் வந்தார். மகனுக்கு அப்போது பதினேழாம் வயது நடந்து கொண்டிருந்தது. பிள்ளையவர்கள் உடனே இசைந்துவிடவில்லை. பலர் ஆவலோடு வந்து சேர்வதும், சில காலம் சென்றபின் நீங்குவதுமாக இருந்தமையை எடுத்துக் கூறித் தயங்கினார். தந்தையும் மகனும் உறுதியாக வேண்டியபின்னரே ஏற்றுக்கொண்டார். ஏற்றபின், வேங்கடராமன் என்னும் பெயரை விட்டு, வீட்டார் வழங்கிய மற்றொரு பெயரான சாமிநாதன் என்பதையே தேர்ந்தெடுத்து அழைக்கலானார். தமிழுலகம் இன்று வழங்கும் பெயர் ஆசிரியர் விரும்பித் தேர்ந்த பெயரே ஆகும்.

தொடக்கத்தில் புதிய மாணாக்கர்க்குப் பழைய மாணாக்கராகிய சவேரிநாத பிள்ளை பாடம் சொல்லி வந்தார். ஆசிரியரின் வாய்மொழியையே கேட்க வேண்டும் என்னும் ஏக்கம் இளைஞரை வாட்டியது, கேட்கவோ அச்சம். பிள்ளையவர்களுக்குத் தம் வீட்டுத் தோட்டத்தில் மிகுந்த ஈடுபாடு இருந்தது. நாள்தோறும் காலையில் மரஞ்செடிகளிடையே உலவி, எங்கே புதிய தளிர் அரும்பியிருக்கின்றது என்று பார்த்து மகிழ்வார். இதனைக் கவனித்த மாணாக்கர் அவர்க்கு முன்னரே எழுந்து தோட்டத்திற்குச் சென்று, தளிர்த்திருக்கும் இடங்களைக் குறித்து வைத்துக்கொண்டு, அவர் வந்ததும் ஒவ்வொன்றாகக் காட்டலானார். சில நாட்களில் ஆசிரியரே அவரை எதிர்பார்க்கத் தொடங்கினார். தளிர்பற்றிய பேச்சு மெல்லத் தமிழ்பற்றிய பேச்சாயிற்று. மாணாக்கர் தம் விருப்பத்தைத் தெரிவித்தார். ஆசிரியர் தாமே பாடம் சொல்ல இசைந்தார். திருக்குடந்தைத் திரிபந்தாதி அவ்வாறு தொடங்கியது.

இந்நிகழ்ச்சியைப் படிப்போர் மாணாக்கரின் திறமையையே வியப்பர். ஆசிரியரிடத்தும் வியக்கத்தக்கது ஒன்றுண்டு. நாடறிந்த புலவர் ஒருவர் ஒரு சிறு தளிரைக் கண்டு மகிழ்வதை மாணாக்கர் காணும்படி வாழ்ந்தார். பெருமை என்னும் மதிலெழுப்பி அதனுள் அவர் மறைந்திருக்கவில்லை. மதிலாயினும் அதற்கு ஒரு வாயில் வேண்டும். அவ்வாயில் வழியாகவே மாணாக்கன் உள்ளே வருகின்றான். அச்சத்தால் அமைதி நிலவும் வகுப்பில் பாடம் நடைபெறலாம், ஆர்வம் தளிர்ப்பதில்லை.

மறையாத கல்வி

பிள்ளையவர்கள் இருபதுக்கும் மேற்பட்ட தலபுராணங்களை இயற்றியவர். அவர் செய்யுளைச் சொல்லிக்கொண்டே செல்ல, மாணாக்கர் ஓலையில் எழுதுவர். செய்யுள் பிறக்கும் முறையையே மாணாக்கர் கண்ணெதிரே கண்டனர். ஒரு சொல் ஏன் ஏற்கப்பட்டது, மற்றொன்று ஏன் நீக்கப்பட்டது என்பதை அறிய அதனினும் சிறந்த இலக்கண வகுப்பு வேறில்லை. கற்பிப்பவர் தாமும் ஓயாமல் தொழிற்படுவதைக் காணும் மாணாக்கனுக்கு, உழைக்க வேண்டும் என்னும் அறிவுரை தனியே தேவைப்படுவதில்லை.

அவர்பால் கற்றவர் பல சமயத்தினர். ஆசிரியர் சைவப் பற்று மிக்கவர். திருவாவடுதுறை ஆதீனத்து வித்துவான். ஆயினும் கிறித்தவராகிய சவேரிநாத பிள்ளை அவர்க்கு மகன்போல் உடனிருந்தார். நாகூர்க் குலாம் காதிறு நாவலரும் அவரிடம் பாடம் கேட்டவரே.

பொருள் வளம் அவர்க்கு வாய்க்கவில்லை. கடன் தொல்லை இறுதிவரை நீங்கவில்லை. எனினும் வறுமையைக் காரணமாகக் காட்டி மாணாக்கரை அவர் அனுப்பிவிடவில்லை.

அவரைக் குறையே இல்லாதவர் என்று கூறின் அது வரலாறு ஆகாது. மாயூரத்தில் அப்போது கோபாலகிருஷ்ண பாரதியார் வாழ்ந்திருந்தார். சாமிநாதையர் அவரிடம் இசை பயின்று வந்ததை அறிந்த பிள்ளையவர்கள், இசையில் மனம் சென்றால் இலக்கண இலக்கியப் பயிற்சி தளரும் எனக் கருதினார். மாணாக்கர் இசைப் பயிற்சியை விட்டுவிட்டார். இசைக் குடும்பத்தில் பிறந்த ஒருவர்க்கு அது சிறிய இழப்பன்று. தாம் விரும்பாததை மாணாக்கனும் விரும்பாதிருக்க வேண்டும் என்று எண்ணும் குறை, பேராசிரியர்களிடத்தும் காணப்படுவது. நாமும் நம்மை நோக்கிக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது.

1876ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் திருவாவடுதுறையில் பிள்ளையவர்களின் வாழ்வு நிறைவுற்றது. இறுதி வேளையில் அவரைத் தாங்கிக் கொண்டிருந்தவர் சவேரிநாத பிள்ளை; அருகில் அமர்ந்து திருவாசகம் படித்தவர் சாமிநாதையர். சைவப் பெரும்புலவர் ஒருவரின் உடலைக் கிறித்தவ மாணாக்கர் தாங்க, அந்தண மாணாக்கர் திருவாசகம் ஓதிய அக்காட்சியைவிட அவருடைய ஆசிரியப் பெருமைக்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

சிந்தாமணி என்னும் சோதனை

ஆசிரியர் மறைந்து நான்காண்டுகள் கழிந்தன. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த தியாகராச செட்டியாரும் பிள்ளையவர்களின் மாணாக்கரே. அவர் ஓய்வு பெற்றபோது தம் இடத்தைச் சாமிநாதையர்க்குப் பெற்றுத் தந்தார். 1880இல் சாமிநாதையர் கல்லூரி ஆசிரியரானார்.

அவ்வாண்டு அக்டோபர் 21ஆம் நாள், குடந்தையில் முன்சீபாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் காணச் சென்றார். என்னென்ன நூல்கள் கற்றீர்கள் என்று முதலியார் வினவினார். சாமிநாதையர் தாம் பாடம் கேட்ட அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் புராணங்களையும் நிரல்படக் கூறினார். முதலியார் அவற்றைப் பொருட்படுத்தவில்லை. சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை போன்ற பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று கேட்டார். இல்லை என்பதே விடையாயிற்று.

அந்நேரத்தில் சாமிநாதையர்க்கு இரண்டு வழிகள் இருந்தன. என் ஆசிரியர் சொல்லாத நூல் எனக்கு வேண்டா என்று சினந்து திரும்புவது ஒன்று. தெரியாததைத் தெரியாது என்று ஒப்பிக் கற்கத் தொடங்குவது மற்றொன்று. அவர் இரண்டாம் வழியை மேற்கொண்டார். முதலியார் தந்த சிந்தாமணிப் படியைப் பெற்றுப் படித்தார். சமணக் கருத்துகள் விளங்காதபோது குடந்தையில் வாழ்ந்த சமணர்களின் இல்லங்களுக்குச் சென்று கேட்டார். கல்லூரி ஆசிரியர் என்னும் பதவி அவர் காலைத் தடுக்கவில்லை. ஏழாண்டு உழைப்பின் பின், 1887இல் சிந்தாமணி அச்சில் வெளிவந்தது. பின்னர் மணிமேகலைக்காகப் பௌத்தக் கொள்கைகளைப் பேராசிரியர் ரங்காசாரியாரிடம் கேட்டுத் தெளிந்தார்; அந்நூல் 1898இல் வெளிவந்தது.

பரதேசியின் பின்சென்று தண்டியலங்காரம் கேட்ட ஆசிரியரையும், சமணர் இல்லம் தேடிச் சென்று சிந்தாமணிப் பொருள் கேட்ட மாணாக்கரையும் அருகருகே வைத்து நோக்குக. முன்கூறிய வினாவுக்கு விடை அங்கே இருக்கின்றது. பிள்ளையவர்கள் சிந்தாமணியைப் பாடம் சொல்லவில்லை. சிந்தாமணியைக் கற்கும் நெஞ்சத்தை உருவாக்கினார். பல்லாயிரம் செய்யுட்களைப் பயின்ற பயிற்சி, சிதைந்த அடியிலும் யாப்பைக் காணும் செவியைத் தந்தது. பல சமயத்தாரோடு ஒரே திண்ணையில் கற்ற பழக்கம், பிற சமய நூலையும் தமிழ்நூலாகப் போற்றும் உள்ளத்தைத் தந்தது. முதலியாரின் தூண்டுதலும் சாமிநாதையரின் சொந்த ஆற்றலும் பெரியனவே. ஆயினும் தூண்டப்படுவதற்கு ஏற்ற விளக்காக அவரை ஆக்கி வைத்தவர் ஆசிரியர்.

நமக்குரிய செய்தி

மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் புராணங்களை இன்று படிப்போர் மிகச் சிலரே. தம் புகழ் அந்நூல்களில் நிலைக்கும் என்று அவர் காலத்தார் கருதியிருக்கலாம். காலம் வேறுவகையாகத் தீர்ப்பளித்தது. அவர் எழுதிய ஏடுகளைவிட, அவர் முன் அமர்ந்து ஏடெழுதியவரே அவரை வாழ வைத்தார். ஆசிரியர் மறைந்து ஐம்பத்தேழு ஆண்டுகள் கழிந்த 1933இலும் அதற்கடுத்த ஆண்டிலும், சாமிநாதையர் தம் முதுமையில் ஆசிரியரின் வரலாற்றை இரு பாகங்களாக எழுதி வெளியிட்டார். சென்னை திருவல்லிக்கேணியில் வாழ்ந்த இல்லத்திற்கோ, தமக்குப் பதவி பெற்றுத் தந்த தியாகராச செட்டியாரின் பெயரைச் சூட்டினார். நன்றி என்பது அவர் கற்ற பாடங்களுள் ஒன்று போலும்.

நம் தமிழ்ப் பள்ளிகளில் பணியாற்றும் ஆசிரியர்களுக்குப் பாடத்திட்டமும் தேர்வும் உண்டு. அவற்றை முடிக்கும் கடமையும் உண்டு. ஆனால், நம் மாணவர் நாளை எந்நூலைக் கற்க வேண்டியவராவர், எத்தொழிலை மேற்கொள்வர் என்பது நமக்குத் தெரியாது. நாம் இன்று சொல்லும் பாடங்களுள் பல அன்று பயன்படாமல் போகலாம். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் துணிவும், தெரிந்தவரைத் தேடிச் செல்லும் பணிவும், சொல்லை நிறுத்திப் பார்க்கும் பொறுமையும் அவர்களோடு செல்லும். அவற்றை அவர்கள் நம் பாடக் குறிப்புகளிலிருந்து பெறுவதில்லை. நம் வாழ்க்கையிலிருந்தே பெறுகின்றனர்.

நாளைக் காலை வகுப்பறையில் நுழையும்போது, எந்த மாணவரிடம் புதிய தளிர் அரும்பியிருக்கின்றது என்று நோக்குவோமாக. மாயூரத்துத் தோட்டத்தில் அவ்வாறு நோக்கிய ஒருவரால் தமிழ் பெற்ற செல்வத்தை எண்ணினால், அது சிறு செயல் அன்று என்பது விளங்கும்.