பாதிப் பங்கு போதாத குரோமோசோம்கள்

ஒரு ஜோடி குரோமோசோம்களில் எது பிள்ளைக்குப் போகும்? இரண்டுக்கும் சம வாய்ப்பு என்கிறது மெண்டலின் விதி. பழ ஈக்களில் இந்த விதியை மீறும் குரோமோசோம்கள் உண்டு. அவற்றுள் இரண்டை அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

ஒன்று, வட அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் வாழும் ட்ரோசோஃபிலா சூடோஅப்ஸ்குராவின் எக்ஸ் குரோமோசோம். ஸ்டர்ட்டிவன்ட்டும் டாப்ஷான்ஸ்கியும் 1936இல் இதை விரிவாக எழுதினார்கள். இதை உடைய ஆண் ஈக்குப் பிறப்பவை அநேகமாக எல்லாமே பெண்கள். ஒய் குரோமோசோமைத் தாங்கும் விந்தணுக்கள் உருவாகும்போதே அழிந்துவிடுகின்றன. இந்த எக்ஸ் குரோமோசோமை எஸ்.ஆர். என்பார்கள்.

மற்றொன்று எஸ்.டி. இது மெலனோகாஸ்டர் என்னும் பழ ஈ இனத்தின் 2ஆம் குரோமோசோம். 1950களில், மேடிசன் நகரில் ஜேம்ஸ் குரோவின் ஆய்வகத்தில் ஹிராயிசுமி கண்டுபிடித்தது. எஸ்.டி. உள்ள ஆணின் பிள்ளைகளில் 95 சதவீதத்துக்கும் மேற்பட்டவை அதையே பெறுகின்றன.

எஸ்.டி. இதைச் சாதிக்கும் விதம் வியப்பானது. ரான்கேப் என்னும் மரபணுவின் வால் அறுந்த நகல் ஒன்று அதில் இருக்கிறது. இந்த நகல் தரும் புரதம் சேர வேண்டிய இடத்தில் சேராததால் விந்தணு உருவாக்கம் குலைகிறது. ஆனால் எல்லா விந்தணுவும் சாவதில்லை. ரெஸ்பாண்டர் என்ற டி.என்.ஏ. தொடர் நூற்றுக்கணக்கில் அடுக்கியிருக்கும் குரோமோசோமைத் தாங்கிய விந்தணுக்களே பலியாகின்றன. எஸ்.டி.யிலோ அந்த அடுக்கு மிகக் குறுகியது, அதனால் தப்பிக்கிறது. இணைக் குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொள்ளும்போது கொல்லும் மரபணுவும் தப்பிக்கும் அடுக்கும் பிரிந்து, கொல்லும் மரபணு நீண்ட அடுக்கோடு சேர்ந்துவிட்டால் அந்தக் குரோமோசோம் தன்னையே கொன்றுகொள்ளும். ஆகவே இரண்டும் பிரியாமல் இருந்தாக வேண்டும்.

இங்கேதான் இரு குரோமோசோம்களும் ஒன்றுபோல நடக்கின்றன. இரண்டிலும் பெரிய துண்டுகள் தலைகீழாகத் திரும்பியிருக்கின்றன, எஸ்.ஆரில் மட்டும் மூன்று திருப்பங்கள். திரும்பிய பகுதி தன் இணையோடு துண்டு மாற்றிக்கொள்ள முடியாது, கூட்டணி காப்பாற்றப்படுகிறது. அதற்கு விலையும் உண்டு. துண்டு மாற்றம் நின்ற இடத்தில் கேடான மாற்றங்களைக் களைய வழியில்லை. ஆப்பிரிக்காவில் அண்மைக் காலத்தில் வேகமாகப் பரவிய எஸ்.டி. வகையிலேயே அவை சேரத் தொடங்கிவிட்டன. பல எஸ்.டி. குரோமோசோம்கள் இரு பிரதியாக அமைந்தால் ஈ உயிர் பிழைப்பதே இல்லை. அத்தனை சாதகமாகக் கடத்தப்பட்டும் எஸ்.டி. இயற்கையில் 1 முதல் 5 சதவீதத்திலேயே நிற்கிறது.

வேற்றுமை, இருக்கும் இடத்தில். பாலைத் தீர்மானிக்காத குரோமோசோமில் இருக்கும் எஸ்.டி. ஆண்-பெண் விகிதத்தைத் தொடுவதில்லை. எக்ஸில் இருக்கும் எஸ்.ஆர். பரவினால் ஆண்களே அருகிப்போகும். இத்தனைக்கும் அது குடியிருக்கும் எக்ஸின் ‘வலக்கை’ என்னும் பகுதி ஒரு காலத்தில் பால் நிர்ணயத்தோடு தொடர்பில்லாத தனிக் குரோமோசோமாக இருந்து, பின்னர் எக்ஸோடு இணைந்தது. ஆய்வகத்தில் பெண் ஈக்களை ஒரே ஆணோடு மட்டும் இணையவிட்டபோது, எஸ்.ஆர். இருந்த சில கூட்டங்கள் ஆண்களின்றி அழிந்தே போயின. பல ஆண்களோடு இணையவிட்ட கூட்டங்கள் பிழைத்தன. பாதி விந்தணுக்களை இழந்த எஸ்.ஆர். ஆண் போட்டியில் தோற்றுவிடுகிறது. அமெரிக்காவின் தென்மேற்கில் மிகுந்திருக்கும் எஸ்.ஆர். வடக்கே போகப்போக அருகுகிறது. வடக்கே பெண் ஈக்கள் பல ஆண்களோடு இணைவதும் அதிகம்.

இரண்டில் ஆபத்தானது எஸ்.ஆர். என்பதே என் முடிவு. எஸ்.டி. தன் குரோமோசோமைச் சிதைக்கிறது; எஸ்.ஆர். தன் கூட்டத்தையே அழிக்க வல்லது.