மதுவிலக்கின் கதை – 7: பார்வை பறித்த பாக்கெட்

1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்ததைச் சென்ற வாரம் பார்த்தோம். மதராஸ் மாகாணத்தில் முதல் மாவட்டம் அதுதான்.

இனி அதே சேலம், 2024 ஜூன். சின்னசேலம், ஆத்தூர், வாழப்பாடி வழியாக ஆம்புலன்ஸ்கள் அலறிக்கொண்டு சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வருகின்றன. உள்ளே இருப்பவர்கள் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் பாக்கெட் சாராயம் குடித்தவர்கள். பலர் கூலி வேலைக்காரர்கள்.

இப்படி வருபவரின் கண்ணில் டாக்டர் முதலில் டார்ச் அடித்துப் பார்ப்பார். வெளிச்சம் பட்டும் பாவை சுருங்காமல் விரிந்தே நின்றால் நிலைமை மோசம்.

காரணம் மெத்தனால். அதைவிட, கல்லீரல் அதை என்னவாக மாற்றுகிறது என்பதுதான் ஆபத்து. முதலில் ஃபார்மால்டிஹைடு, அடுத்து ஃபார்மிக் அமிலம். சில எறும்புகள் கடித்தால் சுள்ளென்று எரிகிறதே, அதே அமிலம். செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவை அது முடக்கிவிடும். ஓயாமல் சக்தி கேட்கிற பார்வை நரம்பால் அதைத் தாங்க முடியாது. நரம்பு வீங்கும், கண்ணெதிரே எல்லாம் வெள்ளையாக, பனி மூடியதுபோலத் தெரியும். சில வாரங்களில் நரம்பு வெளிறிச் சூம்பிவிட்டால், போன பார்வை திரும்புவது அரிது.

இதில் பெரிய கொடுமை, அறிகுறிகள் தெரியவே 12 முதல் 24 மணி நேரம் ஆகலாம் என்பது. கூடவே வழக்கமான மதுவில் உள்ள எத்தனாலும் கலந்திருந்தால் இன்னும் தாமதமாகும். குடித்தவர் நன்றாகத்தானே இருக்கிறோம் என்று வீட்டிலேயே இருந்துவிடுவார். ஃபோமெபிசோல் மருந்து, பைகார்பனேட், டயாலிசிஸ் என்று வைத்தியம் உண்டு. ஆனால் கண்ணைக் காப்பாற்றும் நேரம் வீட்டிலேயே கழிந்துவிடுகிறது.

குடித்தவர் தலையில் பழியைப் போட்டுவிட்டு நகர்வதை என்னால் ஏற்க முடியாது. மெத்தனால் ஆலைகளுக்கான ரசாயனம். கருணாபுரத்து வீடுகளில் காய்ச்சியதல்ல. யாரோ கொண்டுவந்து கலந்தது. 60-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின.

அதற்கு ஓராண்டு முன்பே, 2023 மே மாதம், மரக்காணம் எக்கியார்குப்பத்தில் இதே மெத்தனால் உயிர்களைக் குடித்திருந்தது. அப்படியிருந்தும் கருணாபுரத்தில் முதல் சாவுகள் விழுந்தபோது, சாராயம் காரணமில்லை என்றே அதிகாரிகள் தரப்பில் முதலில் சொன்னார்கள்.

அப்படிச் சொல்லிக்கொண்டிருந்த சில மணி நேரத்தில் கருணாபுரத்தில் நடந்தது என்ன? அடுத்த வாரம்.

(தொடரும்)