வென்றவர் எழுதிய கணக்கு

ஒரு பேரரசின் பெருமையை அறிய அதன் கவிஞரைக் கேட்கலாம். உண்மையை அறிய அதன் கணக்கைப் பார்த்தல் வேண்டும். பண்டை ரோமாபுரியார் இவ்விரண்டையும் தம் கையாலேயே எழுதி வைத்துச் சென்றனர்.

கி.மு. 19-இல் மறைந்த மகாகவி வர்ஜில், தமது ஈனியட் காவியத்தில், பிற மக்களை ஆள்வதே ரோமருக்குரிய கலையென்றும், பணிந்தோரைக் காத்துச் செருக்குற்றோரை ஒடுக்குதல் அவர் கடமையென்றும் பாடினார். கேட்கச் செவிக்கு இனிய தருமந்தான்.

இனிக் கணக்கைக் காண்போம். கி.மு. 57-இல், இன்றைய பெல்ஜியப் பகுதியில் ஜூலியஸ் ஸீஸர் அடுவாதுகர் என்னும் குலத்தாரின் கோட்டையை வளைத்தார். அவர்கள் சரணடைந்த பின்னர் இரவில் எழுந்து போரிட்டனர், தோற்றனர். மறுநாள் அங்கிருந்தோர் அனைவரும் அடிமைகளாக விற்கப்பட்டனர். வாங்கினவர்கள் சொன்ன எண்ணிக்கை 53,000 தலைகள் என்று ஸீஸரே தம் நூலில் எழுதுகின்றார். அவ்விடத்தில் இரக்கமுமில்லை, வெட்கமுமில்லை. பேரேடு எழுதிப் பிழைக்கும் கிராணியாகிய எனக்கு, காவியம் முழுவதும் சொல்லாததை அந்த ஓர் எண் சொல்லிவிடுகின்றது.

பின்வந்த டாஸிட்டஸ் வேறு வகையினர். பிரிட்டனை ஆண்ட தம் மாமனார் அக்ரிக்கோலாவின் சரிதத்தை அவர் கி.பி. 98-ஐ ஒட்டி எழுதினார். பிரிட்டானியத் தலைவர்களின் மைந்தர்க்கு அக்ரிக்கோலா கல்வியளித்தார். லத்தீனை வெறுத்தவர்கள் அதிலே நாவன்மை பெற விழைந்தனர், ரோமருடை அணிந்தனர், நீராடு மண்டபங்களையும் விருந்துகளையும் நாடினர். அவர்கள் நாகரிகமென்று மகிழ்ந்த இதனை, அடிமைத்தளையின் ஓர் அங்கமாகவே டாஸிட்டஸ் காண்கின்றார். ஆங்கிலப் பள்ளியிற் படித்து உத்தியோகம் பெற்ற எனக்கு அப்பகுதி முள்ளாய்த் தைக்கின்றது.

அந்நூலிலேயே, போர்க்களத்தில் நிற்கும் கால்ககஸ் என்னும் கலிடோனியத் தலைவன், ரோமரின் பேராசையையும் அதனை மூடும் அழகிய சொற்களையும் கடுமையாகச் சாடுகின்றான். ஆயினும் அவ்வுரை டாஸிட்டஸ் இயற்றியது. அக்காலச் சரித்திராசிரியரின் வழக்கம் அது. தோற்றவர் கூறியவை எழுத்தில் நிற்கவில்லை.

இவ்வளவு உணர்ந்தவர், பிரிட்டானியரை விட்டுவிடுக என்றாரா? இல்லை. கி.பி. 97-இல் கான்ஸல் பதவி வகித்த அவர், மாமனாரின் செயல்களைப் புகழ்ந்தே முடித்தார். பிற்பாடு எழுதிய ‘வரலாறுகள்’ என்னும் நூலில், வென்ற பிரிட்டனை உடனே கைவிட்டனரே என்று குறைப்பட்டும் கொண்டார்.

நேயர்களே! அநீதியை அறிதல் வேறு, அகற்றுதல் வேறு. ஆள்வோருள் ஓர் அறிஞர் உண்மை பேசினாரென்று ஆளப்படுவோர் கைகட்டி இருத்தலாகாது. கற்ற கல்வி குற்றமன்று. அதனைக் கொண்டு தம் மக்களின் கதையைத் தாமே எழுதாமையே குற்றம். எழுதாதோர்க்கு எஞ்சுவது, வென்றவன் ஏட்டில் ஓர் எண்.