அகவல்

மயில் அகவும் என்று பள்ளியிலேயே மனப்பாடம் செய்துவிடுவதால், அகவுதல் மயிலுக்கு மட்டுமே உரிய சொல் என்று நினைத்துக்கொள்கிறோம். பழைய நூல்கள் அப்படிச் சொல்லவில்லை. குறுந்தொகை 23ஆம் பாட்டில் வரும் அகவன் மகள், பாடிக் குறி சொல்லும் கட்டுவிச்சி. ஆசிரியப்பாவின் ஓசைக்கும் தொல்காப்பியம் அகவல் என்றே பெயர் தருகிறது. உரத்த குரலில் அழைப்பதே இச்சொல்லின் அடிப்படை என்று கொண்டால்தான் கட்டுவிச்சியும் பாவும் மயிலும் ஒரே சொல்லுக்குள் பொருந்துவர்.

காக்கை தன் குரலால் பெயர் பெற்றதுபோல, மயிலின் குரலே இச்சொல்லையும் தந்திருக்கலாமே என்பர் சிலர். ஆனால், நெடுந்தொலைவு கேட்கும் அந்தக் குரல் ‘மே...ஆவ்’ என்று இழுத்து உயர்வது. அகவு என்ற ஒலி அதில் இல்லை. இனப்பெருக்கக் காலத்தில் ஆண்மயில் அடிக்கடி அப்படிக் குரல் கொடுப்பது பெடையை அழைக்கத்தான். மாணவர் அகராதிகள் ‘மயிலின் ஒலி’ என்பதோடு நிறுத்தாமல், ‘அழைத்தல்’ என்பதையே முதற்பொருளாகத் தர வேண்டும்.