பபிலோனும் பருத்தித் தோட்டமும்: கிறிபித்தின் இரு திரைப்படங்கள் குறித்து

டி. டபிள்யூ. கிறிபித்தின் 'ஒரு தேசத்தின் பிறப்பு' (1915), 'சகிப்பின்மை' (1916) ஆகிய இரண்டையும் எதிரெதிர்த் துருவங்களாக நிறுத்துவது திரைப்பட விமர்சகர் பலரது வழக்கம். அமெரிக்க உள்நாட்டுப் போரை நிறவெறியுடன் சித்திரித்தமைக்குக் கழுவாயாகவே பின்னைய படம் எழுந்தது என்பர். உண்மையில், தம்மைக் கண்டித்தோரையே கிறிபித் சகிப்பற்றவர் எனக் கருதினார். உழைப்பு என்னும் கோணத்தினின்று நோக்குமிடத்து இவ்விரு படங்களும் ஒரே வரலாற்றுப் பார்வையின் வெளிப்பாடுகளே என்பது எமது கருத்தாகும்.

தோமஸ் டிக்சனின் 1905ஆம் ஆண்டு நாவலைத் தழுவிய முதற்படத்தில் அடிமைகள் பருத்தி பறிக்கின்றனர். ஓய்வு வேளையில் எசமானர் முன் மகிழ்ந்து ஆடுகின்றனர். முக்கிய கறுப்பினப் பாத்திரங்களை முகத்திற் கரி பூசிய வெள்ளையரே ஏற்றனர். போரின் மூலம் அடிமை முறையே என்பதை மாக்ஸ் 1861இலேயே வியன்னாப் பத்திரிகையொன்றில் விளக்கியிருந்தார். வடபுலப் படையில் ஏறத்தாழ 180,000 கறுப்பினத்தவர் போரிட்டனர். தோட்டங்களைத் துறந்து அடிமைகள் வெளியேறியமையை ஒரு பொது வேலைநிறுத்தமாகவே டு பொய்ஸ் 1935இல் இனங்கண்டார். இவற்றுக்கெல்லாம் கிறிபித்தின் திரையில் இடமில்லை. படம் வெளிவந்த ஆண்டின் இறுதியிலேயே கூ குளுக்ஸ் கிளான் புத்துயிர் பெற்றது. திரைப்படம் வெறும் பொழுதுபோக்கன்று என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டுவதில்லை.

பபிலோனை நோக்குவோம். கி.மு. 539இல் பாரசீக மன்னன் சைரசிடம் அந்நகர் வீழ்ந்தமையே 'சகிப்பின்மை'யின் நான்கு கதைகளுள் ஒன்று. மாபெரும் மதில்களும் யானைச் சிலைகளும் எழுப்பப்பட்டன. (பபிலோனியச் சிற்ப மரபுக்கு அந்த யானைகள் அந்நியமானவை, 'கபிரியா' என்ற இத்தாலியப் படம் ஊட்டிய ஆசை போலும்!) திரையில் கடும் முற்றுகை நிகழ்கின்றது; ஆப்பெழுத்துக் குறிப்பேடோ, சைரசின் படை போரின்றியே நகருட் புகுந்தது என்கின்றது. இத்தகைய பிழைகளைக் கலைஞனின் உரிமை என விட்டுவிடலாம். பாரதூரமானது வேறொன்று.

மழை அருகிய தென் மெசொப்பொத்தேமியாவில் யூப்பிரற்றீஸ் நீரைக் கால்வாய்வழி கொணர்ந்தாலன்றி வாற்கோதுமை விளையாது. ஆறு சுமந்துவரும் வண்டல் கால்வாய்களைத் தூர்த்துவிடும். அதனை ஓயாது அகற்ற மனிதக் கரங்கள் வேண்டும். கரையைப் பேணாது அயலார் விளைச்சலை அழித்தவன், இழப்பீடு செலுத்த இயலாதபோது பொருளோடு தானும் விற்கப்படுவான் என ஹமுராபியின் சட்டம் விதித்தது. அந்நாகரிகத்தின் அடித்தளம் அதுவே. கிறிபித்தோ விருந்தையும் நடனத்தையும் காட்டினார். இஷ்தார் தேவியை அன்பின் வடிவாகவும், அவள் வழிபாட்டைப் பொறாத பேல் கோயிற் பூசாரியைத் துரோகியாகவும் அமைத்தார். அக்காலத்தில் உருக் நகரின் இஷ்தார் கோயிலுக்கு அர்ப்பணிக்கப்பட்டோரின் கையில் தேவியின் விண்மீன் குறி பொறிக்கப்பட்டிருந்தது. அவர்கள் கோயிலின் உடைமை. அதன் நிலங்களிலும் மந்தைகளிடையேயும் உழைத்தனர். அந்தக் கையைத் திரையில் எங்கும் காணோம்.

நவீன காலக் கதையில் மாத்திரம் கிறிபித் உழைப்பாளரைக் கண்டார் என்பதை மறைத்தல் நேர்மையாகாது. சகோதரியின் தருமப்பணிக்காக ஆலை முதலாளி கூலியைப் பத்து வீதம் குறைக்கின்றான். வேலைநிறுத்தம் செய்தோர் சுடப்படுகின்றனர். 1919இல் சோவியத் நாட்டிற் காட்டப்பட்ட இப்படத்திலிருந்து ஐசன்ஸ்ரைன் முதலியோர் பெரிதும் கற்றனர். எனினும் செல்வரும் வறியரும் என்றுமே சந்தியா இணைகோடுகளாக நிற்பதே கிறிபித்தின் படத்தொகுப்பு முறையென ஐசன்ஸ்ரைன் 1944இல் விமர்சித்தார். அவர் குறிப்பிட்டது தொகுப்பு முறையை. பபிலோன் கதையிலோ அந்த இரண்டாவது கோடே வரையப்படவில்லை.